படிக்க இயலாத வாக்கியத்தில் நம் கைநாட்டு

(நுவரெலியாவில் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் மரக்கறி விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பாலஸ்தீனத் தொழிலாளி ஒருவர், மேற்குக் கரையில் பெய்தார் இல்லித் என்னும் யூதக் குடியேற்றத்தில் தாம் வேலை செய்யும் இடத்திலே, மண் வாரும் பெரிய வாகனமொன்றின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதனை முகநூலில் இட்டு, அரபு மொழியில் காலை வணக்கம் என்று பொருள்படும் ஒரு சொல்லையும் எழுதி வைத்தார். முகநூலின் தானியங்கி மொழிபெயர்ப்புப் பொறி அச்சொல்லை எபிரேய மொழியிலே ‘அவர்களைத் தாக்குங்கள்’ என்று மாற்றிக் காட்டிற்று. பொலிஸார் வந்தனர், கைது செய்தனர், பல மணி நேரம் விசாரித்தனர், பிழை தெரிந்த பின்னர் விடுவித்தனர். கைதுக்கு முன்னர், அரபு அறிந்த அலுவலர் எவரும் அவர் எழுதிய மூலச் சொல்லைப் படித்துப் பார்க்கவில்லை என்பது பின்பே வெளியாயிற்று.

காலை வணக்கம் கூறியதற்காக ஒரு தொழிலாளி பொலிஸ் காவலில் இருந்தார்! எங்கோ நடந்ததற்கு நுவரெலியாவில் ஏன் கவலை என்று கேட்பவர் உண்டு. அந்த மனிதர் தம் தாய்மொழியில் எழுதினார்; மொழிபெயர்க்குமாறு எவரையும் அவர் கேட்கவில்லை. பொறி தானாகவே வந்து அவர் வாயில் வேறொரு சொல்லை வைத்தது. நாமோ அவரைக் கடந்து ஒரு படி சென்றுவிட்டோம். பொறி தரும் வாக்கியத்தை நாமே விரும்பி வாங்கி, நம் பெயரிட்டு, நம் விரலாலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு நேர்ந்தது நமக்கு நேர்ந்தால், நாம் எழுதவில்லை என்று கூறவும் நமக்கு வழியில்லை.

இம்மண்டபத்தில் கைத்தொலைபேசி இல்லாதவர் எத்தனை பேர்? கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் அன்பர், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்து வியாபாரியோடு வாட்ஸ்அப்பில் விலை பேசுகிறார். வியாபாரி சிங்களத்தில் எழுதுகிறார். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வேலைக்குச் சென்ற மகன், கடை முதலாளியின் கட்டளைகளைச் சிங்களத்தில் பெறுகிறான். வளைகுடா நாட்டிலே வீட்டுப் பணிபுரியும் சகோதரி, வீட்டு எசமானியோடு அரபு மொழியில் செய்தி பரிமாறுகிறாள். ஒரே சமையலறையில் நின்றுகொண்டு இருவரும் தொலைபேசி வழியாகப் பேசிக்கொள்ளும் காலம் இது. இவர்கள் எல்லாரும் எழுத்தைப் பிரதி எடுக்கின்றனர், இலவச மொழிபெயர்ப்புப் பொறியில் இடுகின்றனர், வருவதை எடுத்து ஒட்டுகின்றனர், அனுப்புகின்றனர். நாமும் செய்கிறோம். இதனை இழிவென்று நாம் கூற வரவில்லை. தரகர் ஒருவரின் தயவை நாடி நின்ற விவசாயி, இன்று தானே விலை கேட்கிறான் என்றால் அது பெரும் பேறேயாகும். ஆனால் பேறு இலவசமாக வரும்போது, அதற்கு வேறெங்கேனும் விலை கொடுக்கிறோமா என்று கணக்குப் பார்ப்பது நம் கடமை.

படிக்க இயலாத எழுத்தின் அடியில் பெயர் வைப்பது மலையக மக்களுக்குப் புதியதன்று. நம் பாட்டனாரும் பூட்டனாரும் கைநாட்டு வைத்தே வாழ்ந்தவர்கள். கங்காணி நீட்டிய கடனுக்கும் வைத்தார்கள். துரை நீட்டிய தாளுக்கும் வைத்தார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றோர் ஆக்கிற்று. அடுத்த ஆண்டில், இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென்று தனிச் சட்டமொன்று வந்தது. அதன்கீழ் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதருக்காக, கொடுக்கப்பட்டன. குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கு அரசியல் காரணமே முதற் காரணம், அதில் ஐயமில்லை. ஆயினும் வதிவிடத்துக்குச் சான்று, வருமானத்துக்குச் சான்று, தேதி, பெயர் என்று நுணுக்கம் நுணுக்கமாகக் கேட்ட அந்தத் தாள்களை, எழுத்தறியாத தோட்டத் தொழிலாளிக்காக வேறெவரோ நிரப்பினர். என்ன எழுதப்பட்டது என்பதை அறியாமலே ஒரு தலைமுறை தன் பெருவிரலை அழுத்திற்று. அந்தத் தலைமுறையின் பேரர்கள் நாம். பள்ளி சென்றோம், பட்டமும் பெற்றோம். ஆயினும் படிக்க இயலாத சிங்கள வாக்கியத்தைத் தொலைபேசியில் ஒட்டி ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்தும்போது, அங்கே அழுந்துவது அதே பெருவிரல்தான்.

இந்தப் பொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் 2011ஆம் ஆண்டிலும், சிங்களம் 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் சேர்க்கப்பட்டன. பொறிக்கு இலக்கணம் கற்பித்தவர் எவருமில்லை. மனிதர் முன்னரே இரு மொழிகளில் எழுதி வைத்த இலட்சக்கணக்கான வாக்கியங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, இது வந்தால் அது வரலாம் என்று ஊகிக்க அது பழகியுள்ளது. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் அத்தகைய வாக்கியங்கள் கோடிக்கணக்கில் உண்டு. தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையில் அவை மிகச் சில. ஒரே தீவில் நூற்றாண்டுக் கணக்கில் அருகருகே வாழ்ந்தும், ஒருவர் எழுதியதை மற்றவர் மொழியில் பெயர்த்து வைக்க நாம் இருசாராரும் எவ்வளவு குறைவாக உழைத்தோம் என்பதற்கு இந்தப் பொறியின் தடுமாற்றமே சாட்சி! 2019ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தரவு குறைந்த மொழிகளைப் பொறி எப்படிக் கையாள்கிறது என்று சோதிக்கத் தெரிந்தெடுத்த இரு மொழிகள் நேபாளமும் சிங்களமும் ஆகும். ஆகவே சிங்களத்திலிருந்து தமிழுக்கு வரும் வாக்கியம் நீண்ட காலமாக ஆங்கிலம் என்னும் மூன்றாம் வீட்டின் வழியாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து மூன்றாவதற்கும் ஊற்றினால் சிந்துவது இரு தடவை.

சிந்துவது எது? முதலில் சிந்துவது மரியாதை. ஆங்கிலத்தில் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று. சிங்களத்திலோ ஒப, ஓயா, உம்ப, தோ என்று ஏணிப்படி போலப் பல உண்டு. கடைசிப் படியில் இறங்கினால் கைகலப்பு நேரும். நல்ல பழக்கமுள்ள சிங்களவர், பெரியவரை எதிரில் வைத்து முன்னிலைச் சொல்லையே தவிர்த்து, ‘மஹத்தயா’ என்றோ உறவுமுறை கூறியோ பேசுவர். நாம் ‘எப்பொழுது வருவீர்கள்?’ என்று பணிவோடு எழுதினால், ஆங்கில வீட்டில் அந்தப் பணிவு கழற்றி வைக்கப்படுகிறது; மறுபுறம் எந்த உடையில் வெளிவரும் என்பதை நாம் அறியோம்.

மரியாதை இழந்த மொழிபெயர்ப்பு இம்மலைநாட்டுக்கு எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று தருவோம். 1878ஆம் ஆண்டில், தோட்டங்களுக்குப் புதிதாக வந்த வெள்ளைக்கார இளந்துரைமாருக்காகக் கொழும்பில் ஒரு சிறு தமிழ்க் கைந்நூல் அச்சாயிற்று. சின்னத்துரையின் சட்டைப்பைக்குள் அடங்கும் வழிகாட்டி அது. அதன் தலைப்பு என்ன தெரியுமா? ‘இங்கே வா!’ தொழிலாளியின் மொழியைக் கற்க வந்தவனுக்கு முதலில் கையில் கொடுக்கப்பட்டது ஓர் ஏவல் வினை. ‘வாருங்கள்’ என்னும் தமிழும் இருப்பதை அத்தலைப்பு அறியவில்லை. தந்தை வயதுள்ளவரையும் அவர்கள் ‘வா, போ’ என்றே அழைத்தனர். மொழியே அவ்வளவுதான் என்று நம்பியவரும் இருந்திருப்பர். இன்று நாம் தம்புள்ளை வியாபாரிக்கோ பிரதேச செயலக எழுதுவினைஞருக்கோ அனுப்பும் செய்தியில், அறியாமலே நாமும் சின்னத்துரையாகிவிடக் கூடும் அன்றோ?

அடுத்துச் சிந்துவது நம் சொல். பொறி கற்றது எழுத்துத் தமிழ். நாம் அரட்டையில் எழுதுவதோ பேச்சுத் தமிழ். அதிலும் தோட்டத்துத் தமிழ். ‘கடைக்கு வாங்க’ என்றால் அழைப்பா, கொள்வனவா? வீட்டில் உள்ளவருக்குக் குழப்பமில்லை, பொறிக்கு இருக்கும். ‘லயம்’ என்றால் நமக்குப் பத்தடி அறைகள் வரிசையாய் நிற்கும் குடியிருப்பு. ஏனைய தமிழுலகுக்கு அது இசையின் ஒழுங்கு. ‘லயத்தில் தண்ணீர் இல்லை’ என்று ஒரு தாய் எழுதினால், பொறி அதனைச் சங்கீதத்தோடு சேர்த்துவிட்டால் அதன்மேல் குற்றம் சொல்ல முடியுமா? ‘அரைப்பேர் போட்டுவிட்டார்கள்’ என்று ஒரு தொழிலாளி எழுதுகிறாள். நாட்சம்பளத்தில் பாதி வெட்டப்பட்டது என்னும் வயிற்றெரிச்சல் அந்த இரு சொற்களில் அடங்கியிருக்கிறது. மலையகத்துக்கு வெளியே வாழும் தமிழருக்கே விளக்கவேண்டிய அச்சொல்லைப் பொறி எங்ஙனம் அறியும்? பெரட்டு, கொழுந்து, கணக்குப்பிள்ளை, கவ்வாத்து என்று பட்டியல் நீளும். நம் வாழ்வு எழுத்தில் ஏறாத வரையில், எந்தப் பொறியும் அதனைக் கற்கப் போவதில்லை.

பழைய பொறி திக்கித் திணறிற்று. அதன் உளறலைக் கண்டு நாம் சிரித்தோம். சிரித்ததால் விழிப்பாகவும் இருந்தோம். 2016ஆம் ஆண்டு முதல் கூகுள் பயன்படுத்தத் தொடங்கிய புதிய முறையோ வாக்கியத்தைச் சரளமாக, எழுத்துப் பிழையின்றி, படித்தவர் பேசுவது போல அமைத்துத் தருகிறது. பொருள் தெரியாத இடத்திலும் அது தயங்குவதில்லை. ‘அல்ல’ என்பது விழுந்துபோனாலும் வாக்கியம் அழகாகவே இருக்கும். இந்தச் சரளத்தையே நாம் மிகுதியும் அஞ்சவேண்டும் என்பது நமது கருத்து.

மொழி அரைகுறையாகப் புரிந்தால் இந்நாட்டில் என்ன நிகழும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரத்து உணவகமொன்றில் சிங்கள வாடிக்கையாளர் ஒருவர் கறியில் கட்டி ஒன்றைக் கண்டு, மலட்டு மருந்து போட்டாயா என்று அதட்டினார். கூட்டம் சூழ்ந்தது. சிங்களம் சரிவர அறியாத, தமிழ் பேசும் முஸ்லிம் உணவகத்தார், கேள்வி விளங்காமல், அச்சத்தில், போட்டோம் என்று பொருள்படும்படி ஏதோ கூறினார். அது படமாக எடுக்கப்பட்டு முகநூலில் பரவிற்று. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் தெரியவந்தபோது கடை உடைந்திருந்தது; பள்ளிவாசல் தாக்கப்பட்டிருந்தது. அடுத்த வாரத்தில் வேறொரு காரணத்தால் திகனையில் மூண்ட தீக்கும் அந்தப் படம் எண்ணெயாயிற்று. 2019 மே மாதத்தில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் துயரம் ஆறுமுன், சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூல் வாக்குவாதத்தில், மிகவும் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்னும் கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அது வரப்போகும் தாக்குதலுக்கு முன்னறிவிப்பு என்று கொள்ளப்பட்டது. கல்லெறி, கைது, ஊரடங்கு, நாடெங்கும் சமூக ஊடகத் தடை என்று ஒரு வரியின் பின்னால் இத்தனை வந்தன.

இவ்விரண்டிலும் பொறி குற்றவாளியன்று. மனிதரின் அரைகுறை மொழியறிவும் அவர்கள் நெஞ்சில் முன்னரே இருந்த ஐயமும்தான் குற்றவாளிகள். ஆனால் அந்த அரைகுறை அறிவுக்கு முழு அறிவின் உடையை உடுத்தி, நூறு பேர் உள்ள குழுவுக்கு ஒரு கணத்தில் அனுப்ப வல்லது இப்பொறி. ஆகையால் இரு மொழியினர் கலந்துள்ள குழுக்களில், சமயம், இனம், தேர்தல் ஆகியவை பற்றிய வாக்குவாதத்தில் பொறிமொழியை எடுத்துக்கொண்டு இறங்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கோபத்தில் எழுதுவதைத் தாய்மொழியிலேயே எழுதுங்கள். குறைந்தபட்சம் எதை எழுதினோம் என்பது நமக்குத் தெரியும்.

அன்றாடச் செய்திக்கு என்ன வழி? பிறர் எழுதியதை விளங்கிக்கொள்ளப் பொறியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கே பிழை வந்தாலும் நாம் மீண்டும் கேட்டுத் தெளியலாம். நம் பெயரில் அனுப்பும்போதுதான் கட்டுப்பாடு வேண்டும். பேச்சுத் தமிழை விடுத்து, எழுவாயும் பயனிலையும் உள்ள சிறு வாக்கியமாக எழுதுங்கள். எண்ணை எண்ணாகவே இடுங்கள்: ‘ஒன்றரை’ என்று எழுதாமல் 1.5 கிலோ, 150 ரூபா, 12ஆம் தேதி என்று எழுதினால் பொறி கெடுப்பதற்கு இடம் குறைவு. பழமொழியையும் கேலியையும் தவிருங்கள். பொறி தந்ததை மறுபடியும் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். கோணலாக வந்தால் அனுப்பாதீர்கள். நேராக வந்தால் மட்டும் நம்பிவிடவும் கூடாது, ஏனெனில் தான் செய்த பிழையைத் தானே திரும்பச் செய்து நேராக்கிக் காட்டும் ஆற்றலும் அதற்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தமிழ் மூலத்தையும் அதன் கீழே பொறியின் சிங்களத்தையும் சேர்த்து அனுப்பி, ‘இது இயந்திர மொழிபெயர்ப்பு, பிழை இருந்தால் கூறுங்கள்’ என்று இரு மொழியிலும் ஒரு வரி இடுங்கள். அந்த ஒரு வரியைச் சிங்களம் நன்கறிந்த ஒருவரிடம் ஒரு முறை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுதும் உதவும். பெய்தார் இல்லித் தொழிலாளியின் மூலச் சொல்லை அம்மொழி அறிந்த ஒருவர் பார்த்திருந்தால் கைதே நேர்ந்திராது. மூலம் நம் கையில் இருக்கும் சாட்சி.

பொறியிடம் ஒருபோதும் விடக்கூடாத காரியங்களும் உள. மருந்தின் அளவு, பூச்சிநாசினியின் அளவு, நீதிமன்ற அழைப்பு, காணி உறுதி ஆகியவை அத்தகையன. மண்சரிவு எச்சரிக்கையை இவ்வூரில் தனியே கூறவேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாய் இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராய் இருங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரே ஒரு சொல். அச்சொல் மொழிபெயர்ப்பில் விழுந்தால் ஒரு லயத்து மக்கள் நடுஇரவில் வீணாக மழையில் நிற்பர். அல்லது மலை வரும்போது உறங்கிக்கொண்டிருப்பர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியாவும் பதுளையும் கண்டியும் பட்ட பாட்டை நேற்றுப் போல் நினைவில் வைத்திருக்கும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய செய்தியைக் குழுவில் இடுபவர், பிரதேசத்தின் பெயர், நிறம், எந்த நேரம் வரை என்ற மூன்றையும் மூல அறிவித்தலின் படத்தோடு இடட்டும். மொழிபெயர்த்த வாசகத்தை மட்டும் இடுபவரிடம் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இலவசத்துக்குக் கொடுக்கும் விலை பற்றிச் சொன்னோம். வாட்ஸ்அப் செய்தி இருவருக்கிடையில் பூட்டப்பட்டே செல்கிறது. அதனைப் பிரதி எடுத்து வேறோர் இணையத்தளத்துப் பெட்டியில் ஒட்டியவுடன் பூட்டைத் திறந்தவர் நாமே. 2017ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் ஸ்டாட்டொய்ல் என்னும் எண்ணெய் நிறுவனத்தார் அதிர்ந்துபோயினர். இலவச மொழிபெயர்ப்புத் தளமொன்றில் இடப்பட்ட எழுத்துக்கள், வேலைநீக்கக் கடிதங்களும் ஒப்பந்தங்களும் கடவுச்சொற்களும் உட்பட, இணையத்தில் தேடும் எவருக்கும் கிடைக்கும்படி கிடந்தன. எல்லாத் தளங்களும் அத்தகையன அல்ல. தொலைபேசிக்குள்ளேயே மொழிபெயர்த்து வெளியே அனுப்பாத வகையும் இப்போது வந்திருக்கிறது. எனினும், ஆசிரியத் தோழர்களே, மாணவியின் குடும்பத் துயரத்தைப் பொறியில் இடும்முன் பெயரை நீக்குங்கள். தாதியரும் வைத்தியரும் நோயாளியின் அறிக்கையை அப்படியே ஒட்டாதிருங்கள். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவை ஏன் அங்கே போகவேண்டும்?

இறுதியாக, இதில் அரசியலும் உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதன்பின் முப்பது ஆண்டுக் காலப் போராட்டத்துக்கும் இரத்தத்துக்கும் பின்னர், 1987இலும் 1988இலும் அரசியலமைப்பின் பதின்மூன்றாம், பதினாறாம் திருத்தங்கள் தமிழை அரசகரும மொழியாகவும் நிருவாக மொழியாகவும் ஏற்றன. தீவின் எந்தப் பகுதியிலும் அரச அலுவலகத்திலிருந்து தமிழில் கடிதம் பெறும் உரிமை நமக்கு உண்டு. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. எழுத்தில் இவை உள்ளன. ஆயினும் தமிழ் அறிந்த அலுவலர் பற்றாக்குறை தீரவில்லை. இப்போதோ ஒரு புதிய விடை கேட்கிறது: ‘போனில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்களேன்!’

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே நேராக மாற்றுவதற்கென்று ‘சித’ என்னும் பொறியை உருவாக்கினர். அது மொழிபெயர்ப்பாளருக்குத் துணையாகச் செய்யப்பட்டது; பாராட்டுக்குரிய முயற்சி. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பொறியின் வரைவைத் திருத்திக் கையொப்பமிட்டுத் தந்தால், அதனை இருகரம் நீட்டி வரவேற்போம். சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்பி, மொழிபெயர்ப்பை நம் தொலைபேசியின் தலையில் கட்டுவதை ஏற்கமாட்டோம். அத்தகைய கடிதம் வந்தால் அவசரத்துக்குப் பொறியில் படித்துக்கொள்ளுங்கள். பின்னர் தமிழில் தருமாறு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். பொறியில் படித்துச் சமாளித்துவிட்டோம் என்று நாம் வாளாவிருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவி வெற்றிடங்கள் வெற்றிடங்களாகவே தொடரும். நம் பிள்ளைகள் பலர் இரு மொழியும் கற்று வேலை தேடி நிற்கும் மாவட்டம் இது என்பதையும் எண்ணுங்கள்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று இங்கே வந்திருக்கின்றனர். ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் விவசாயச் சங்கத்துக்கும் இருவர் வீதம், பிறருடைய செய்தியை அனுப்புமுன் படித்துத் திருத்தித் தர அவர்கள் இசைந்துள்ளனர். வாசலருகே மேசையில் ஒரு கொப்பி உள்ளது. எந்தப் பிரிவு, எந்த நேரத்தில் உதவி வேண்டும் என்று தமிழிலேயே எழுதிச் செல்லுங்கள்.